ப்ளஸ் டூவில் தொழிற்பிரிவு படிச்சாச்சு... அடுத்து பி.காம். சேரலாமா? பிக்கட்டியிலிருந்து ஒரு கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு குந்தா தாலுகா பக்கம் பல வீடுகளில் ஒரு விவாதம் ஆரம்பிக்கும். பிள்ளை தொழிற்கல்விப் பிரிவில் கணக்குப் பதிவியலும் தணிக்கையியலும் படித்திருக்கும். இல்லையென்றால் அலுவலக மேலாண்மையும் செயலியலும். டைப்ரைட்டிங் லோயர் கையில் இருக்கும், சில பேருக்கு ஹயரும் இருக்கும். "அதான் கணக்கு படிச்சாச்சே, மறுபடியும் மூணு வருஷம் எதுக்கு அதையே படிக்கணும்? கோயம்புத்தூர்ல ஏதாவது ஆபீஸ்ல சேர்ந்துடலாமே" என்பது ஒரு கட்சி. "டிகிரி இல்லாம யாரு மதிப்பா?" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே முழுக் கணக்கைப் போடவில்லை. மஞ்சூரை அடுத்துள்ள பிக்கட்டி மாதிரி ஒரு பேரூரில் இருந்துகொண்டு இந்த முடிவை எடுப்பவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசியில், அரசும் பல்கலைக்கழகமும் பார்க்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

தொழிற்பிரிவு என்பது என்ன?

தமிழ்நாட்டில் 1978ல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்கு வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. எல்லோரும் காலேஜுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பள்ளியை முடிக்கும்போதே கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்பது அதன் எண்ணம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், நர்சிங், வேளாண்மை, நெசவு என்று பல குரூப்கள். அந்த வரிசையில்தான் கணக்கும் அலுவலக வேலையும் சொல்லித் தரும் குரூப்களும் வந்தன.

நடந்தது வேறு. 'மார்க் குறைஞ்சவங்க போற குரூப்' என்ற முத்திரை விழுந்துவிட்டது. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல், குரூப்பே காணாமல் போன பள்ளிகள் பல. ஆனாலும் இந்தப் பிரிவில் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு ஒரு விஷயம் கைவந்திருக்கும். வவுச்சரைப் பார்த்து குறிப்பேட்டில் பதிந்து, பேரேட்டுக்கு எடுத்துச் சென்று, இருப்பாய்வு போட்டு, எங்கே இடிக்கிறது என்று தேடும் பழக்கம் அது. செய்முறைத் தாள் இருப்பதால் வெறும் மனப்பாடத்தில் தப்பிக்க முடியாது.

அப்போ பி.காம். புதுசா என்ன தரும்?

முதல் செமஸ்டரில் நிதிநிலைக் கணக்கு என்ற தாள் வரும். அதில் பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரட்டைப் பதிவு, பேரேடு, இறுதிக் கணக்கு, தேய்மானம் எல்லாம் திரும்ப வரும். 'அதையேதான் படிக்கணும்' என்ற புகார் இந்த ஓர் இடத்தில் உண்மை.

அதற்குப் பிறகு பாதை மாறுகிறது. நிறுமக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, மேலாண்மைக் கணக்கு, வருமான வரி, ஜி.எஸ்.டி., வணிகச் சட்டம், புள்ளியியல் எல்லாம் வரிசையாக வரும். பள்ளியில் படித்தது நடந்ததைப் பதிவு செய்யும் கணக்கு. இங்கே வருவது 'இது ஏன் இப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்' என்று கேட்கும் கணக்கு. டேலியில் என்ட்ரி போடுவது முதல் வகை. அந்த என்ட்ரியைப் பார்த்து, "இந்த மாசம் கரன்ட் பில்லும் விறகுச் செலவும் சேர்ந்து ஒரு கிலோ தூளின் அடக்கவிலையை இவ்வளவு ஏத்திடுச்சு" என்று சொல்வது இரண்டாம் வகை. சம்பளமும் பொறுப்பும் இரண்டாம் வகை ஆளுக்குத்தான் ஏறும்.

தொழிற்பிரிவிலிருந்து வருபவர்கள் தடுமாறக்கூடிய இடங்களும் உண்டு. வணிகக் கணிதமும் புள்ளியியலும் முதல் தடை, ஆங்கிலவழி வகுப்பு இரண்டாவது. கணக்குத் தாளில் கிடைக்கும் ஓய்வு நேரத்தை இந்த இரண்டுக்கும் செலவிட்டால் முதல் வருடம் தாண்டிவிடும். 'எனக்குத்தான் அக்கவுன்ட்ஸ் தெரியுமே' என்று உட்கார்ந்துவிட்டால் அரியர் விழுவது இங்கேதான்.

பிக்கட்டிக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. குந்தா பகுதியின் வருமானமே ஒரு கணக்குத் தாளில்தான் இருக்கிறது. சிறு விவசாயி பச்சைத் தேயிலையைப் பறித்து ஃபேக்டரிக்குக் கொடுக்கிறார். அது கூட்டுறவுத் தொழிற்சாலையாக இருக்கலாம், தனியாராக இருக்கலாம். தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை 2003ல் வந்தது. அதன் கீழ் விற்பனைத் தொகையை விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் பிரிக்க ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள்: விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35.

எளிமைக்காக ஒரு கணக்குப் போடுவோம். தூள் கிலோ 100 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ பச்சை இலைக்கு 25 கிலோ தூள் கிடைத்தால் விற்பனை 2,500 ரூபாய். அதில் 65 சதவீதம் 1,625. இலைக்குக் கிலோ 16 ரூபாய் 25 காசு. அதே நூறு கிலோவுக்கு 23 கிலோ தூள்தான் கிடைத்தது என்று கணக்கு எழுதப்பட்டால் விவசாயியின் பங்கு 1,495. கிலோ 14 ரூபாய் 95 காசு. வித்தியாசம் 1 ரூபாய் 30 காசு. மாதம் ஆயிரம் கிலோ இலை கொடுக்கும் குடும்பத்துக்கு 1,300 ரூபாய் போச்சு.

23 கிலோ என்பது உண்மையாகவே இருக்கலாம். மழைக்கால இலையில் ஈரம் அதிகம், முற்றிய இலையும் கலந்திருக்கும். கேள்வி அது இல்லை. அந்த எண் சரியா என்று தாளை வாங்கிப் பார்த்துக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

வரியிலும் இதே கதைதான். தேயிலையைத் தானே வளர்த்துத் தானே தூளாக்கி விற்பவரின் வருமானத்தில் 40 சதவீதத்தைத் தொழில் வருமானமாகவும் 60 சதவீதத்தை விவசாய வருமானமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8ஆவது விதி வகுத்தது. இலையை மட்டும் விற்பவரின் நிலை வேறு. மலையில் இப்போது சின்னச் சின்னதாகத் தூள் தயாரிக்கும் யூனிட்டுகளும், நேரடியாக ஆன்லைனில் விற்கும் இளைஞர்களும் வருகிறார்கள். இவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு, ரிட்டர்ன், பேங்க் லோனுக்கான இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் வேண்டும். கணக்கு படித்தவருக்கு மலையில் வேலை இல்லை என்பது முழு உண்மை இல்லை. என்ட்ரி மட்டும் போடத் தெரிந்தவருக்குத்தான் வேலை குறைவு.

எங்கே படிப்பது?

நீலகிரியின் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955லிருந்து இயங்குகிறது. பெண்களுக்குக் குன்னூரில் பிராவிடன்ஸ் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் ஆன்லைனில்தான். பி.காம். போன்ற படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் மொத்தத்தை வைத்துத் தரவரிசை போடுவார்கள். செய்முறை மார்க்கும் இந்த நான்கில் வருவதால் தொழிற்பிரிவுப் பிள்ளைகள் 'நமக்கு எங்கே கிடைக்கப் போகுது' என்று விண்ணப்பிக்காமல் இருக்கக் கூடாது. சேர்க்கை வழிகாட்டியில் தொழிற்கல்வி மாணவர்களுக்கு என்று உள்ள பகுதியை வரி வரியாகப் படியுங்கள். புரியவில்லை என்றால் கல்லூரி உதவி மையத்திலேயே கேளுங்கள்.

தினமும் ஊட்டி போய்வருவதா, ஹாஸ்டலா என்பதும் சின்ன விஷயம் இல்லை. பருவத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் குந்தா சாலையில் மரம் விழும், மண் சரியும். 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் பஸ் வராத நாட்களையும் சேர்த்துத்தான் வருகைக் கணக்கைப் போட வேண்டும். அரசு ஹாஸ்டலில் இடம் கிடைக்குமா என்று சேர்க்கை நாளிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

செலவு எவ்வளவு?

அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமை இல்லை. உதவிகளும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு 36,000. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024ல் நீலகிரிக்கும் வந்துவிட்டது.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மூன்று வருடம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம்தான் அது. இலை விலை விழுந்துகிடக்கும் வருடத்தில் ஒரு குடும்பத்துக்கு இது பெரிய தொகை. அதனால்தான் 'டிகிரி படி' என்று சும்மா சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ போன்றவற்றில் தொலைநிலையில் பி.காம். படிக்கலாம். ஒரே நிபந்தனை, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்தப் படிப்பு அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பேரில் ஏமாறாதீங்க

இங்கே மூன்று விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பி.காம். சி.ஏ. என்றால் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் இல்லை. அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். பெற்றோர் மட்டுமில்லை, சேர்ந்த பிள்ளைகளே ஒரு செமஸ்டர் கழித்துத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பி.காம். பி.ஏ. என்பது புரொஃபஷனல் அக்கவுன்டிங். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆக ஆசை இருந்தால் அதன் தாள்களோடு நெருக்கமாக இருப்பது இது.

இரண்டு. அரசு வேலைக்கான அறிவிப்பில் 'பி.காம்.' என்று மட்டும் போட்டிருந்தால், வால் முளைத்த பி.காம். எல்லாம் தானாகவே அதற்குச் சமம் ஆகிவிடாது. இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். கல்லூரியில் சேரும் முன்பே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பட்டம் கேட்கும் வேலை என்றால் பள்ளிப் படிப்போடு பட்டத்தையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி பி.காம். சேர்ந்தால் குரூப் 2 போன்ற தேர்வுகளில் அந்த முன்னுரிமை போய்விடும். தனியார் வேலைக்கு ஆங்கிலவழி உதவும். எது வேண்டும் என்று யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. விண்ணப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கும் கட்டம் இல்லை.

பி.காமைத் தாண்டி வழி இருக்கா?

இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்த யாரும் சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம், எந்த குரூப் என்று கேட்பதில்லை. நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். அதில் ஒரு தாள் கணிதமும் புள்ளியியலும் கலந்தது என்பதை மறக்க வேண்டாம். அவசரம் இல்லை என்றால் பி.காமில் 55 சதவீதம் எடுத்துவிட்டு ஃபவுண்டேஷன் இல்லாமலே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். சி.எம்.ஏ. என்ற அடக்கவிலைக் கணக்காளர் படிப்பும் உண்டு. ஃபேக்டரிகள் நிறைந்த மலைக்கு அது பொருத்தமான படிப்பு, ஆனால் இங்கே பலருக்கு அதன் பெயரே தெரியாது.

டைப்ரைட்டிங் ஹயர் வைத்திருப்பவர்கள் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கு முயற்சி செய்யலாம். அதற்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும். பி.காம். படித்துக்கொண்டே எழுதலாம், ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று என்றில்லை. கூட்டுறவு வங்கி, கூட்டுறவுச் சங்க வேலை என்றால் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள்.

பக்கக் கதவு ஏன் இல்லை?

இதுவரை மாணவர் போட வேண்டிய கணக்கு. இனி அரசும் பல்கலைக்கழகமும் போட வேண்டியது.

ப்ளஸ் டூ தொழிற்பிரிவிலோ ஐ.டி.ஐ.யிலோ மெக்கானிக்கல் படித்த பையன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் இன்ஜினீயரிங்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். தொழிற்பிரிவு மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் கலந்தாய்வில் 2 சதவீத இடம் தனியாகவே இருக்கிறது. 'நீ ஏற்கெனவே கற்றது வீண் இல்லை' என்று அந்தத் துறை சொல்கிறது. கணக்கும் தணிக்கையும் இரண்டு வருடம் செய்முறையோடு படித்துவிட்டு பி.காமுக்கு வரும் பிள்ளைக்கு அப்படி என்ன சொல்கிறோம்? 'பற்று என்றால் என்ன, வரவு என்றால் என்ன' என்று முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

வேறு இடங்களில் இதை யோசித்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஏ.ஏ.டி. என்ற தொழில்முறைக் கணக்குத் தகுதியை முழுவதும் முடித்தவருக்கு ஏ.சி.சி.ஏ. தேர்வில் முதல் மூன்று தாள்களுக்கு விலக்கு உண்டு. யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை உதாரணம். அங்கே உயர்தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் நான்கு வருடம் கணக்கியல் உயர் தேசிய டிப்ளமோ படிக்கும் மாணவர்கள், அதை பி.காமுக்குச் சமமாக அங்கீகரிக்கச் சொல்லி வருடக்கணக்கில் கேட்டுவந்தார்கள். 2015 அக்டோபர் 29 அன்று கொழும்பில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. ஒரு படிப்புக்கு என்ன மதிப்பு என்பது காகிதப் பிரச்சினை மாதிரித் தெரியலாம். படித்தவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். பொதுப்பிரிவு வணிகவியல் மாணவரும் கணக்குப் பதிவியல் படித்துத்தானே வருகிறார், தொழிற்பிரிவுக்கு மட்டும் என்ன சலுகை என்று. நியாயமான கேள்வி. அதனால் கேட்பது ஒரு வருட விலக்கு இல்லை. முதல் செமஸ்டரில் ஒரு தகுதிகாண் தேர்வு வையுங்கள். எந்தப் பிரிவிலிருந்து வந்தவராக இருந்தாலும், அடிப்படைக் கணக்கு தெரியும் என்று அதில் நிரூபித்தால் அந்தத் தாளுக்கான கிரெடிட்டைக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் வணிகக் கணிதமோ, பேச்சு ஆங்கிலமோ, உள்ளூர் ஃபேக்டரியில் பயிற்சியோ படிக்கட்டும். முன்பே கற்றதைக் கிரெடிட்டாகக் கணக்கில் எடுப்பதற்கான தேசியக் கட்டமைப்பு 2023லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க வேண்டும் என்றுகூட இல்லை. தன் சொந்தப் பாடத்திட்டத்திலேயே இதைச் செய்யலாம்.

அதோடு, ஆசிரியர் ஓய்வு பெற்றார் என்பதற்காக மலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவை மூடுவதை நிறுத்த வேண்டும். கோவைக்குப் போய் வருடம் லட்சம் கட்டிப் படிக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கை முதன்முதலில் கையில் கொடுப்பது அந்த குரூப்தான்.

கடைசியா, என்ன முடிவு?

தொழிற்பிரிவு முடித்தவர் பி.காம். சேரலாமா என்றால், சேரலாம். முடிந்தால் சேர வேண்டும். ஆனால் 'பக்கத்தில் இருக்கு', 'எல்லாரும் சேர்றாங்க' என்பதற்காக வேண்டாம். விண்ணப்பத்துக்கு முன் மூன்று பதில்கள் கையில் இருக்கட்டும். எந்த பி.காம்., அதன் பெயருக்கு முழு விரிவு என்ன? தமிழ்வழியா ஆங்கிலவழியா, எந்த வேலையை மனதில் வைத்து? முதல் வருடத்தில் கணக்குப் பாடம் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தில் வேறு எதைக் கற்கப் போகிறீர்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் மூன்று வருடம் வீணாகாது. இலை ரசீதையும் விலைத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்த 23 எப்படி வந்துச்சு, கொஞ்சம் காட்டுங்க" என்று ஃபேக்டரியில் நின்று கேட்கும் ஆள் பிக்கட்டிக்கும் தேவை, மலையில் மற்ற ஊர்களுக்கும் தேவை.